மூன்று வீட்டிலும் ஓட வேண்டும்

ஜூன் 5, திங்கள்

என் மகன் திருமாறன் என்னைக் கேட்காமல் என் கணினியை எடுத்துக்கொண்டுபோய் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டான். இது அநியாயம். நல்லது நினைத்துத்தான் செய்தான் என்று மகள் வளர்மதி போனில் சொல்கிறாள். நல்லது நினைத்துச் செய்த அநியாயம் என்று எழுதிக்கொள்கிறேன். வார்த்தையை மாற்ற மாட்டேன்.

நாளைக்குப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதனால் நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

சனிக்கிழமை நான் ஒரு வேலையாக வெளியே போயிருந்தேன். திருமாறன் சென்னையிலிருந்து காரில் வந்திருக்கிறான். என் பழைய கணினியைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு பெரிய திரையை வாங்கி, தான் உபயோகித்து முடித்த மேக் லேப்டாப்பை அதோடு இணைத்து வைத்துவிட்டான். நான் திரும்பி வந்தபோது மேசை துடைத்திருந்தது. வீட்டில் சத்தமே இல்லை.

அந்தக் கணினியில்தான் என் மனைவி தையல்நாயகி பேசிக்கொண்டிருந்தாள்.

பக்கவாதத்தில் அவளுக்கு வலது பக்கமும் பேச்சும் போயின. நாம் சொல்வது எல்லாம் விளங்கும். இடது கைக் கட்டைவிரல் நன்றாக வேலை செய்யும். அந்த ஒரு விரலுக்காக நான் எழுதிய நிரல் அது. திரை முழுக்கக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு சொல். மஞ்சள் வெளிச்சம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய சொல்லுக்கு வெளிச்சம் வரும்போது அவள் சுவிட்சை அழுத்தினால் கணினி அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும். சுவிட்ச் என்பது வாசல் காலிங்பெல்லுக்கு வைப்பதுதான். பழைய மவுஸ் ஒன்றைப் பிரித்து அதன் இடது கிளிக்கிலிருந்து ஒயர் இழுத்துப் பற்றவைத்தேன். நான் தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். பற்றவைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிரல் எழுதவும் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

திருமாறனை போனில் கூப்பிட்டேன்.

"அது கம்ப்யூட்டரே இல்லப்பா. ஆன் பண்ணிட்டுப் போய் குளிச்சிட்டு வரலாம். மிக்ஸி ஓடுற மாதிரி சத்தம் வேற."

"உங்கம்மா அதுலதான்டா பேசிட்டிருந்தா."

"நீங்கதான் எல்லாத்தையும் பென்டிரைவ்ல காப்பி வச்சிருப்பீங்களே. புதுசுல போட்டுக்க வேண்டியதுதானே?"

"அது விண்டோஸ்ல மட்டும் ஓடுறது. இது மேக்கு."

"ஓ," என்றான். கடையில் திருப்பிக் கேட்கிறேன் என்றான். அரை மணியில் அவனே கூப்பிட்டான். அன்றைக்கே வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டதாம்.

"சாரிப்பா," என்றான். "உங்க தொண்டை என்ன இப்படிக் கட்டியிருக்கு?"

சளி என்றேன்.

ஜூன் 6, செவ்வாய்

காலண்டர் அட்டையைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் சொற்களை எழுதினேன். தையலைக் குளிப்பாட்ட வரும் ஸ்டெல்லா ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக் கேட்கிறாள்.

"தண்ணியாம்மா? காத்தாடியாம்மா? முதுகாம்மா? அட, இல்லன்னா கண்ணச் சிமிட்டுங்கம்மா. நான் என்ன கிளி ஜோசியமா பாக்குறேன்?"

தையல் சிரிக்கவில்லை. சுவிட்ச் அவள் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது. எதோடும் இணைக்கவில்லை. ஆனாலும் அழுத்துகிறாள். டக், டக் என்று கேட்கிறது.

ஜூன் 8, வியாழன்

ரிப்போர்ட் வாங்கினேன். கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முருங்கைக்கீரை வாங்கினேன். ஸ்டெல்லா ஆய்ந்து கொடுத்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கஞ்சி குடித்தேன்.

நேற்று வரை இந்த மேக்கில் ஓடினால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. நிபந்தனைகளை மாற்றி எழுதுகிறேன்.

ஒரே நிரல் மேக், லினக்ஸ், விண்டோஸ் மூன்றிலும் ஓட வேண்டும். திருமாறன் வீட்டில் மேக். ஓசூரில் வளர்மதி வீட்டில் லினக்ஸ். மாப்பிள்ளை ராஜவேல் வேறு எதையும் வீட்டுக்குள் விடமாட்டார். பிற இடங்களில் விண்டோஸ்தான் இருக்கும். இணையம் இல்லாமல் ஓட வேண்டும். வேறு எதையும் நிறுவாமல், ஒரு கோப்பை நகலெடுத்து வைத்தால் திறக்க வேண்டும். தமிழ் எழுத்து உடையக் கூடாது.

வெறும் மொழி தெரிந்தால் போதாது. சன்னலை வரைய, பொத்தானை வைக்க, தவறு கண்டுபிடிக்க, கடைசியில் ஓடும் கோப்பாகக் கட்டிக் கொடுக்க ஒரு பட்டறை வேண்டும். டெவலப்மெண்ட் என்விரான்மெண்ட் என்கிறார்கள். நான் பட்டறை என்றே எழுதுகிறேன். என் பழைய பட்டறை விண்டோஸுக்கு மட்டும் செய்யும். அதைச் செய்தவர்களே அதை மூடிப் பல காலம் ஆகிறது. புதிய பட்டறை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வில் தவறினால் இன்னொரு முறை எழுத நேரம் இருக்காது.

ஜூன் 10, சனி

திருமாறன் கூப்பிட்டான். இணையதளமாகச் செய்துவிடுங்கள், பிரவுசர் இருக்கும் எந்தக் கணினியிலும் ஓடும் என்றான்.

"நெட்டு போயிட்டா?"

"நெட்டு போனா ஒரு மணி நேரத்துல வந்துரும்பா."

"ஒரு மணி நேரம் நீ வாயை மூடிட்டு இருந்து பாரு."

"சரி, அத விடுங்க. ஐபேட்ல ரெடிமேடாவே ஆப் இருக்கு. நான் வாங்கித் தர்றேன். இந்த வயசுல எதுக்குப்பா மூணு மெஷினுக்கும் எழுதிக்கிட்டு? அம்மா நம்ம வீட்ல ஒரு மெஷின் முன்னாடிதானே இருக்கப் போறாங்க?"

கரண்ட் போய்விட்டது என்று சொல்லி போனை வைத்தேன்.

ஜூன் 12, திங்கள்

வயலூர் ரோட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. போய்ப் பார்த்தேன். பராமரிப்பு மேலாளர் ஒரு பெண். அறை, படுக்கை, சாப்பாடு, பிசியோதெரபி எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். உங்களிடம் என்ன கணினி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஆபீஸ்லயா சார்?"

"ஆமா. எந்த விண்டோஸ்? காட்டுங்க."

"சார், நீங்க ரூம் பாக்க வந்தீங்களா, கம்ப்யூட்டர் பாக்க வந்தீங்களா?"

விண்டோஸ் பத்து. குறித்துக்கொண்டேன். யாருக்காக என்று கேட்டார். விசாரிக்க வந்தேன் என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகள் இருவர் வீட்டிலும் இடம் இருக்கிறது. இருந்தாலும் மூன்றாவது ஒன்று வேண்டும். ஆலையில் முக்கியமான அளவுமானி எதையும் ஒற்றையாக நம்பி நாங்கள் விட்டதில்லை.

ஜூன் 15, வியாழன்

பட்டறைகளைச் சோதிக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சை. ஒரு சன்னல், அதில் ஒரு பொத்தான், பொத்தானில் "தலையணையைக் கொஞ்சம் ஏத்து". இந்த ஒரு வரியில் ஒற்றைக் கொம்பு, இணைக் கொம்பு, புள்ளி எல்லாம் வந்துவிடும். பொத்தானை அழுத்தினால் ஒலி வர வேண்டும். மேக்கில் நானே பார்க்கிறேன். விண்டோஸுக்கு முக்குக் கடை டி.டி.பி. சென்டர். லினக்ஸுக்கு வளர்மதிக்கு அனுப்பி, திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

முதலாவது: மேக்கில் சரி. வளர்மதி அனுப்பிய படத்தில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் கிடந்தது. என் பழைய கணினியைப் பிரித்துப் போட்ட கடைபோல இருந்தது. தள்ளினேன்.

இரண்டாவது: எழுத்து அழகு. ஆனால் ஒரு பொத்தானைக் காட்ட முழு பிரவுசர் ஒன்றையே உள்ளே கட்டி இழுத்துக்கொண்டு வருகிறது. திருமாறன் இதைத்தான் சிபாரிசு செய்தான். அவன் ஆபீஸில் எல்லோரும் இதில்தான் செய்கிறார்களாம். எல்லோரும் செய்வது எனக்குக் காரணம் ஆகாது. தள்ளினேன்.

ஜூன் 17, சனி

மூன்றாவது: ஜாவா. மூன்று இடத்திலும் ஓடியது. ஆனால் வேறொன்றை முதலில் நிறுவினால்தான் ஓடும், அல்லது அதையும் சேர்த்துக் கட்டித் தர வேண்டும். நிறுவச் சொன்னால் இவர்கள் நாளைக்கு நாளைக்கு என்பார்கள். அதுவரை அவள் பேசாமல் இருப்பாள். தள்ளினேன்.

தையல் அட்டையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஸ்டெல்லா விரலை வைத்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

ஜூன் 18, ஞாயிறு

பெல்ட்டில் ஆணியால் இன்னொரு துளை போட்டேன்.

ஜூன் 20, செவ்வாய்

கடைசியில் இரண்டு நின்றன. க்யூட்டி, லாசரஸ்.

க்யூட்டி பெரிய ஆட்களின் பட்டறை. எழுத்து, ஒலி, சன்னல் எதற்கும் வெளியே போக வேண்டியதில்லை. குறை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் சி பிளஸ் பிளஸ் நான் உட்கார்ந்து படிக்க வேண்டும். படிக்க முடியாது என்று இல்லை. படித்து முடிக்கும் காலம் என் கணக்கில் இல்லை.

லாசரஸ் பாஸ்கல் மொழி. அது எனக்குக் கேன்டீன் நேரத்தில் புத்தகம் வைத்துப் படித்த நாளிலிருந்து தெரியும். பொத்தானை மவுஸால் இழுத்து வைத்து, அதன்மேல் இருமுறை தட்டி, என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால் முடிந்தது. என் பழைய பட்டறையும் இப்படித்தான். நான் எழுதும் வரிகளை, அதாவது ஒரே மூலத்தை, அந்தந்தக் கணினியில் கட்டினால் அங்கங்கே ஓடும் ஒற்றைக் கோப்பு வருகிறது. தலையணை வரி மூன்றிலும் உடையவில்லை. ஒலிக்கு மட்டும் மூன்று இடத்தில் மூன்று வழி எழுத வேண்டும். எழுதுகிறேன்.

ஸ்டெல்லா எட்டிப் பார்த்து, "அது என்னங்கய்யா பேரு?" என்றாள். சொன்னேன்.

"லாசரஸா? எங்க சித்தப்பா பேருங்கய்யா அது. ஒரு வேலையும் உருப்படியா செய்ய மாட்டாரு."

"இது செய்யும்."

"செஞ்சா சரி. அம்மா பேசாம வீடே செத்த மாதிரி கெடக்கு."

வேலையைப் பார் என்றேன்.

லாசரஸ் என்று முடிவு. இனி இதில் மறுபேச்சு இல்லை.

ஜூன் 24, சனி

பழைய ஒலிக் கோப்புகள் பென்டிரைவில் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கேட்டுச் சரிபார்த்தேன். எல்லாம் வளர்மதியின் குரல். பக்கவாதம் வந்த புதிதில் அவள் வந்து தங்கியிருந்தபோது பதிந்தவை. தண்ணி. பசிக்குது. முதுகு. வெளிச்சம் கண்ணக் கூசுது. டிவி. சீரியல் வேண்டாம், செய்தி போடு.

"ஏங்க" மட்டும் என் குரல்.

தையல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏங்க என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சொல் முதல் கட்டத்தில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வெளிச்சம் அங்கிருந்துதான் கிளம்பும். அவசரத்துக்கு உடனே அகப்படும். வளர்மதியைச் சொல்லச் சொன்னால் மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"அய்யோ அப்பா, உங்கள நான் எப்படி ஏங்கன்னு கூப்பிடுறது?"

மருமகள் ஹேமலதாவிடம் கேட்க முடியுமா? அதுவும் முறை இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டிருந்தால் தெரு முழுக்கப் பேசியிருக்கும். கடைசியில் நானே மைக்கைப் பிடித்து "ஏங்க" என்றேன். முதல் தடவை தையல் அதை அழுத்தியபோது என் குரலே என்னைக் கூப்பிட்டது. நான் அடுப்படியிலிருந்து "என்ன" என்று கேட்டுக்கொண்டு வந்தேன். அவள் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

அந்தக் கோப்பு சுத்தமாக இருக்கிறது. நல்ல கணீர்க் குரல். இன்று அதே சொல்லைப் புதிதாகப் பதிந்து பார்த்தேன். அழித்துவிட்டேன்.

ஜூன் 28, புதன்

டாக்டர் தேதி கேட்டார். நிரல் முடியட்டும் என்றேன்.

"என்ன நிரல் சார்?"

சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "குரல்வளைய எடுத்தாகணும். அதுக்கப்புறம் பேச்சு வராது. அது நிச்சயம். மத்தது தெறந்து பாத்தாத்தான் தெரியும். தள்ளிப் போடுற விஷயம் இல்ல சார். வீட்ல சொல்லிட்டீங்களா?"

ஜூலை இரண்டாம் வாரம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் மாவு வாங்கினேன்.

ஜூலை 3, திங்கள்

திரை முடிந்தது. பழையதைவிட நன்றாக இருக்கிறது. வெளிச்சத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி வைத்திருக்கிறேன்.

சொற்களை மறுபடி அடுக்கினேன். புதிதாகச் சேர்த்தவை: திருமாறா, வளர்மதி, ஹேமா, மாப்பிள்ளை, சிஸ்டர். இவற்றை ஸ்டெல்லா மைக்கில் சொல்லிக் கொடுத்தாள். நீக்கியது: ஏங்க. மூன்று வீட்டிலும் அதற்குப் பயன் இல்லை. பயன் இல்லாத ஒன்று முதல் கட்டத்தை அடைத்துக்கொண்டிருப்பது மோசமான வடிவமைப்பு. அங்கே "திருமாறா" வைத்தேன்.

சாயங்காலம் தையலை உட்காரவைத்து ஓட்டினேன். வெளிச்சம் கிளம்பிய உடனே அழுத்திவிட்டாள். "திருமாறா" என்றது. அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். "திருமாறா."

"அவன் மெட்ராஸ்ல இருக்கான்," என்றேன்.

மறுபடி அழுத்தினாள். பிறகு திரையைக் கூர்ந்து பார்த்தாள். அதற்குப்பின் அழுத்தவில்லை.

பழக நாளாகும்.

ஜூலை 4, செவ்வாய்

அழுத்தவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசிக் கட்டம் வரை போய் மறுபடி முதலிலிருந்து வருகிறது. அவள் கண் அதோடு கூடவே போகிறது. தண்ணியைத் தாண்டியது. பசிக்குதைத் தாண்டியது. உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் தண்ணிக்கு அழுத்தவில்லை.

வேகம் அதிகம் என்று நினைக்கிறேன். குறைத்தேன்.

ஜூலை 5, புதன்

வேகம் காரணம் இல்லை. சுவிட்சைப் பிரித்துப் பார்த்தேன். பற்றவைப்பு உறுதியாக இருக்கிறது. நான் அழுத்தினால் வேலை செய்கிறது. மேக்கில் டைமர் தடுமாறுகிறதா என்று பார்த்தேன். இல்லை. மஞ்சளைப் பச்சையாக்கினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எதற்கோ காத்திருப்பதுபோல ஒவ்வொரு சுற்றையும் முழுதாகப் பார்க்கிறாள்.

ஸ்டெல்லா ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். குடித்தாள்.

ஜூலை 6, வியாழன்

நிரலில் தவறு இல்லை. வரி வரியாகப் படித்துவிட்டேன்.

ஜூலை 8, சனி

லினக்ஸில் நானே கட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வளர்மதி மாப்பிள்ளையின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஓசூரிலிருந்து வந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"என்னப்பா இப்படி இருக்கீங்க?"

"வெயிலு."

லேப்டாப்பைத் திறந்து வேலையைத் தொடங்கினேன். அவள் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே பெரிய திரையைப் பார்த்தாள்.

"சூப்பரா இருக்குப்பா. ஏன், நானெல்லாம் இருக்கேன்! மாப்பிள்ளைக்குக்கூட ஒரு கட்டமா? அம்மா என்னிக்கு அவர மாப்பிள்ளைன்னு நேரா கூப்பிட்டிருக்காங்க? மாப்பிள்ளைங்கன்னு இல்ல இருக்கணும்." சிரித்தாள். பிறகு, "ஏங்க எங்கப்பா?" என்றாள்.

"தேவையில்ல."

"ஏன் தேவையில்ல?"

லினக்ஸில் கோப்புக்கு ஓடும் அனுமதி கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா. உங்களத்தான் கேக்குறேன். எதுக்கு மூணு வீட்லயும் ஓடணும்? அம்மா இங்கதானே இருக்காங்க? நீங்க எங்க போகப் போறீங்க?"

தையல் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சீப்பு அவள் முடியிலேயே நின்றது. திரையில் வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். வந்த குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது வீடுகளில் வழக்கமாக நடக்கும் அழுகை. வளர்மதி அலமாரியைத் திறந்து ரிப்போர்ட்டை எடுத்தாள். திருமாறனுக்கு போன் போட்டாள். அவன் போனிலேயே அழுதான். ஏன்பா என்கிட்ட சொல்லல, ஏன்பா சொல்லல என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நீ என்னைக் கேட்டா கணினியை எடுத்துப் போனாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

தையல் அழவில்லை. நானும் அழவில்லை. எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

லினக்ஸில் நிரல் ஓடியது.

ஜூலை 9, ஞாயிறு

முதல் கட்டத்தில் மறுபடி "ஏங்க" வைத்தேன். பழைய கோப்புதான். பதிப்பு எண்ணை மாற்றி மூன்றுக்கும் கட்டினேன்.

காலையில் ஓட்டினேன். வெளிச்சம் கிளம்பிய உடனே அழுத்தினாள்.

"ஏங்க."

"என்ன," என்றேன்.

வேறு எதையும் அழுத்தவில்லை. வெளிச்சம் முழுச் சுற்றும் போய் மறுபடி முதலுக்கு வந்தது.

"ஏங்க."

"என்ன."

நாள் முழுக்க இதுதான். நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வேண்டுமா, முதுகு வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று கண்ணை மூடித் திறந்தாள். வளர்மதி சமையலறையில் இருந்தாள். பாத்திரச் சத்தம் கேட்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் எனக்குக் குரல் வரவில்லை. அவள் அழுத்தினாள். நான் தலையை ஆட்டினேன். அவள் மறுபடி அழுத்தினாள். தலையாட்டியதை ஏற்கவில்லை. பிடிவாதக்காரி. எழுந்து போய் அவள் கையைத் தொட்டேன். பிறகுதான் விட்டாள்.

ஜூலை 10, திங்கள்

ஒரு குறை தெரிந்தது. இந்த நிரல் கூப்பிடுகிறவருக்கு மட்டும் செய்யப்பட்டது. பதில் சொல்கிறவருக்கு அதில் வழி இல்லை.

விடிந்ததும் குரல் ஓரளவு தெளிவாக இருக்கும். வெந்நீர் குடித்துவிட்டு மைக்கின் முன் உட்கார்ந்தேன். ஒரு சொல் மட்டும் பதிந்தேன். "என்ன." பல முறை பதிந்தேன். ஒன்று தேறியது. முன்புபோல இல்லை. ஆனாலும் யார் கேட்டாலும் நான்தான் என்று தெரியும்.

எனக்கென்று பதிந்த சொல் அந்த ஒன்றுதான். வளர்மதி இன்னும் சில சொற்களைப் பதியச் சொல்லிக் கெஞ்சினாள். வேண்டாம் என்றேன். மற்றதை எழுதிக் காட்டிக்கொள்வேன்.

காலிங்பெல் சுவிட்ச் இன்னொன்று வாங்கி வந்து வேறொரு மவுஸின் வலது கிளிக்கில் பற்றவைத்தேன். அழுத்தினால் அந்த "என்ன" ஒலிக்கும். கட்டைவிரலுக்குக் கனமாக இல்லை.

திருமாறன் சாயங்காலம் வந்து சேர்ந்தான். மேசையைப் பார்த்தபடி நின்றான். அந்தப் பழைய கணினியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். சாப்பிடு என்றேன்.

ஜூலை 11, செவ்வாய்

நாளை அட்மிஷன். யார் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதி வைக்கிறேன். இதை மாற்ற யாருக்கும் அனுமதி இல்லை.

திருமாறன்: மேக்கில் நிரல் முதல் முறை திறக்க மறுக்கும். செய்தவர் யார் என்று தெரியவில்லை என்று சொல்லும். வலது கிளிக் செய்து "திற" என்று கொடுக்க வேண்டும். இணையதளமாக மாற்றுகிறேன் என்று மூலத்தில் கை வைக்கக் கூடாது. எந்தக் கணினியை மாற்றுவதாக இருந்தாலும், புதியதில் நிரல் ஓடுகிறதா என்று அம்மாவை அழுத்தச் சொல்லிப் பார்த்த பிறகே பழையதை வீட்டை விட்டு வெளியே அனுப்ப வேண்டும்.

வளர்மதி: லினக்ஸில் கோப்புக்கு ஓடும் அனுமதி கொடுக்க வேண்டும். அம்மா புதிதாக ஏதாவது சொல் கேட்கிறாள் என்று தோன்றினால் அதைப் பதிந்து கடைசிக் கட்டங்களில் சேர்க்க வேண்டும். முன்னால் இருப்பவற்றை நகர்த்தக் கூடாது. "மாப்பிள்ளை" என்பதை "மாப்பிள்ளைங்க" என்று மாற்றிவிட்டேன்.

மாப்பிள்ளை ராஜவேல்: லாசரஸின் இப்போதைய பதிப்பையும் மூலத்தையும் தன் கணினியில் ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டத் தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். அவருக்கு வேறு பட்டறை பிடிக்கும் என்று தெரியும். இதை மட்டும் இதிலேயே விட்டுவிட வேண்டும்.

ஹேமலதா: சுவிட்ச் எப்போதும் இடது கட்டைவிரலுக்குக் கீழே இருக்க வேண்டும். துணி மாற்றும்போது நகர்ந்துவிடும். மறுபடி வைக்க வேண்டும்.

ஸ்டெல்லா: அம்மா இங்கே இருக்கும்வரை காலையும் மாலையும் வர வேண்டும். அட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

வயலூர் ரோடு இல்லம்: இப்போதைக்குத் தேவை இல்லை. பிள்ளைகள் இருவரும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், யார் அழைத்துப் போவது என்று. அம்மாவைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கண்ணை மூடித் திறந்தால் இல்லை என்று பொருள்.

நான்: திரும்பி வந்தால், இரண்டாவது சுவிட்சை வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார வேண்டும்.

எல்லோரும்: முதல் கட்டத்தை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் நீக்கக் கூடாது. "என்ன" என்று நான் பதிந்திருக்கும் கோப்பு என் சுவிட்சுக்கு மட்டும். நான் இல்லாத வீட்டில் அதை யாரும் ஒலிக்கவிடக் கூடாது. அவள் "ஏங்க" அழுத்தினால், வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, அவள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வந்து நின்று, "என்ன" என்று தங்கள் வாயால் கேட்க வேண்டும். அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்காது. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் வந்து கேட்க வேண்டும்.